மிடி கீபோர்டு வாசிப்பதை உங்கள் புரோகிராமுக்குள் கொண்டுவருவது: முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஒரு எலக்ட்ரானிக் கீபோர்டு இருக்கிறது, லேப்டாப் இருக்கிறது, பைத்தான் கொஞ்சம் தெரியும். கீயை அமுக்கினால் திரையில் ஸ்வரம் தெரிய வேண்டும், அல்லது பாட்டு கற்கும் தங்கைக்கு ஒரு சின்ன பயிற்சி விளையாட்டு செய்ய வேண்டும். எந்தக் கீ அமுங்கியது என்று கீபோர்டு கணினிக்குச் சொல்லும் தகவல் முறைக்கு மிடி என்று பெயர், அதைப் படித்தால் இது முடியும். இந்த ஆசையோடு வரும் கோவை, திருப்பூர் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைச் செய்து வருகிறேன். பெரும்பாலானோர் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: முதல் நாளே சத்தம் வரவழைக்கப் பார்க்கிறார்கள். சத்தம் வரவில்லை என்றால் கோளாறு கேபிளிலா, போர்ட்டிலா (செய்தி புரோகிராமுக்குள் வரும் வாசல்), கணக்கிலா, ஸ்பீக்கரிலா என்று பிரித்துப் பார்க்க வழியே இருக்காது.

அதனால் இங்கே வரிசை இப்படித்தான்: முதலில் கேபிள், அடுத்து போர்ட், பிறகு வந்த செய்தியை அப்படியே திரையில் பார்ப்பது, பிறகு எந்தக் கீ அமுங்கியிருக்கிறது என்ற கணக்கு, அப்புறம் ஸ்வரம். சத்தம் கடைசி. ஒவ்வொரு படியும் வேலை செய்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

1. கையில் என்னென்ன இருக்க வேண்டும்

முதலில் கீபோர்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். மிடி அனுப்ப அதில் இரண்டில் ஒன்று இருக்க வேண்டும்: லேப்டாப்போடு இணைக்கும் யுஎஸ்பி ஓட்டை, அல்லது "மிடி அவுட்" என்று எழுதிய ஐந்து பின் வட்ட ஓட்டை. ஹெட்போன் ஓட்டை மட்டும் இருந்தால் அது மிடி கீபோர்டு அல்ல. குழந்தைகளுக்கான சின்ன கீபோர்டுகள் பலவற்றில் மிடி கிடையாது. வாங்கப் போகிறவர்கள் கடையில் பெட்டியை மட்டும் பார்க்காமல், கீபோர்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

நோம்பி (ஊர்த் திருவிழா) சீசன் முடிந்ததும் இசைக்குழுக்காரர்கள் பழைய கீபோர்டை விற்பதுண்டு. கீ நன்றாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். அவற்றில் பெரும்பாலும் ஐந்து பின் ஓட்டைதான் இருக்கும். அதற்கு யுஎஸ்பி மிடி கேபிள் என்று தனியாக ஒன்று வாங்க வேண்டும்.

கீபோர்டே இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. விஎம்பிகே என்ற இலவச மென்பொருள் திரையிலேயே ஒரு கீபோர்டைக் காட்டி மிடி அனுப்பும். லினக்ஸிலும் மேக்கிலும் அது நேரடியாக வேலை செய்யும். விண்டோஸில் நடுவில் லூப்மிடி என்ற இன்னொரு இலவசக் கருவி தேவைப்படும். படி 10 வரை எல்லாவற்றையும் இதை வைத்தே பழகிவிடலாம்.

"ஏனுங்கண்ணா, மைக் வெச்சு சத்தத்தைக் கேட்டே ஸ்வரம் கண்டுபிடிக்க முடியாதுங்களா?" என்று பல்லடத்துப் பையன் ஒருவன் கேட்டான். முடியும், ஆனால் அது வேறு வேலை, இதைவிடப் பல மடங்கு கடினம். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடினால் அந்தச் சத்தமும் மைக்கில் ஏறும். மூன்று கீயைச் சேர்த்து அமுக்கினால் எது எதுவென்று பிரிப்பது இன்னும் சிரமம். மிடியில் வருவது சத்தம் அல்ல, "60ஆம் எண் கீயை இவ்வளவு வேகத்தில் அமுக்கினார்கள்" என்ற தகவல். தறி ஓடினாலும் அது மாறாது.

2. கேபிளைச் சரியான ஓட்டையில் செருகுதல்

யுஎஸ்பி கீபோர்டுகள் சிலவற்றில் இரண்டு ஓட்டை இருக்கும். "டு ஹோஸ்ட்" என்று எழுதிய, சதுரமான ஓட்டைதான் லேப்டாப்புக்கானது. பிரிண்டருக்குப் போடும் அதே கேபிள் இதற்குப் பொருந்தும். "டு டிவைஸ்" என்று எழுதிய, தட்டையான ஓட்டை பென்டிரைவுக்கானது. அதில் எதைச் செருகினாலும் லேப்டாப்புக்கு ஒன்றும் தெரியாது.

புதிய சின்ன மாடல்கள் சிலவற்றில் பழைய செல்போன் சார்ஜர் போன்ற மைக்ரோ யுஎஸ்பி ஓட்டை இருக்கும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் வீட்டில் நிறையக் கிடக்கும், அவற்றில் தகவல் போகும் கம்பியே இருக்காது. செல்போனை அதே கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போட்டோக்களைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் கேபிள் சரி. முடியாவிட்டால் புரோகிராமில் எதைத் திருத்தியும் பயனில்லை.

ஐந்து பின் கேபிளில் வேறொரு குழப்பம் உண்டு. ஒரு முனையில் "இன்", மறுமுனையில் "அவுட்" என்று எழுதியிருக்கும். கீபோர்டின் "அவுட்" ஓட்டையில் கேபிளின் "அவுட்" முனையைச் செருகத்தான் கை போகும். பல கேபிள்களில் அது தலைகீழ்: "இன்" என்று எழுதிய முனைதான் கீபோர்டின் "அவுட்" ஓட்டைக்குப் போக வேண்டும், ஏனென்றால் அது கணினிக்கு உள்ளே வரும் பாதை. எல்லா கேபிளிலும் ஒரே வழக்கம் இல்லை. செய்தி வரவில்லையா, இரண்டு முனையையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். இதனால் எதுவும் கெட்டுப்போகாது.

3. கணினிக்குக் கீபோர்டு தெரிகிறதா

பைத்தானைத் திறக்கும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். கணினிக்கே தெரியாத கீபோர்டு உங்கள் புரோகிராமுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, சவுண்ட் கன்ட்ரோலர்கள் இருக்கும் பகுதியைப் பாருங்கள். கேபிளைச் செருகும்போது புதிதாக ஒரு வரி வர வேண்டும், பிடுங்கும்போது போக வேண்டும். இப்போது வரும் கீபோர்டுகள் பெரும்பாலும் டிரைவர் இல்லாமலே வேலை செய்யும். சில பழைய மாடல்களுக்கு மட்டும் அந்த நிறுவனத்தின் டிரைவரைப் போட வேண்டியிருக்கும்.

மேக்கில் ஆடியோ மிடி செட்டப் என்ற கருவியில் மிடி ஸ்டுடியோ ஜன்னலைத் திறந்தால் கீபோர்டின் பெயர் தெரியும்.

லினக்ஸில் டெர்மினலில் ஏசெக்டம்ப் என்ற கட்டளை இருக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த கருவி. எந்தப் போர்ட் என்று சொல்லி ஓட்டினால், நீங்கள் அமுக்கும் ஒவ்வொரு கீயும் உடனே ஒரு வரியாக வந்து விழும். இங்கே வரி விழுகிறது, உங்கள் புரோகிராமில் விழவில்லை என்றால் கோளாறு புரோகிராமில். இங்கேயே விழவில்லை என்றால் படி 2-க்குத் திரும்புங்கள்.

4. லைப்ரரியை நிறுவுதல்

பைத்தானில் இதற்கு மிடோ என்ற லைப்ரரி போதும். எளிது, செய்திகளைப் படிக்கும்படியான பெயர்களோடு கொடுக்கும். ஆனால் மிடோ தானாக கீபோர்டோடு பேசாது. அடியில் பைத்தான்-ஆர்டிமிடி என்ற இன்னொரு தொகுப்பு இருக்க வேண்டும். மிடோவை மட்டும் பிப் மூலம் நிறுவிவிட்டு, "ஆர்டிமிடி என்ற மாட்யூல் இல்லை" என்ற பிழையோடு வருபவர்கள் அதிகம்.

பிழைச் செய்தியில் ஆர்டிமிடி என்று மட்டும் இருப்பதால், அதே பெயரை பிப்பில் அடித்து நிறுவிவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது முன்னால் பைத்தான் என்று சேர்ந்த தொகுப்பு.

இந்தத் தொகுப்பு சி++ மொழியில் எழுதியது. உங்கள் பைத்தான் பதிப்புக்கு முன்கூட்டியே தயார் செய்த கோப்பு இருந்தால் சட்டென்று நிறுவிக்கொள்ளும். இல்லாவிட்டால் உங்கள் கணினியிலேயே தயார் செய்யப் பார்த்து, கம்பைலர் இல்லை என்று பெரிய சிவப்புப் பிழையைக் கொட்டும். அப்போது கம்பைலரைத் தேடி அலைவதைவிட, பைத்தானின் ஒரு பதிப்பு பழையதைப் பயன்படுத்துவது சுலபம்.

உபுண்டு, டெபியன் ஆகியவற்றின் புதிய பதிப்புகளில் நேரடியாக பிப் ஓட்டினால், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று மறுத்துவிடும். தனியாக ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் (இந்த வேலைக்கு மட்டுமான தனி பைத்தான் இடம்) உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள். அந்த மறுப்பைத் தாண்டிப் போக ஒரு சுவிட்ச் இருக்கிறது. தொடும் அவசியம் இல்லை, கணினியின் சொந்த பைத்தான் குழம்பிப்போகும்.

5. போர்ட்டைப் பெயரால் தேர்ந்தெடுத்தல்

மிடோவில் "கெட் இன்புட் நேம்ஸ்" என்ற ஃபங்ஷன், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டது, கணினியில் உள்ள மிடி உள்வரும் போர்ட்டுகளின் பெயர்ப் பட்டியலைத் தரும். முதல் புரோகிராம் இந்தப் பட்டியலை அச்சிடுவது மட்டும்தான். அடுத்து "ஓபன் இன்புட்" ஃபங்ஷனுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் போர்ட் திறக்கும்.

பட்டியலில் முதலாவதாக இருப்பதைத் திறந்தால் போதும் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். லினக்ஸில் கீபோர்டே செருகாவிட்டாலும் "மிடி த்ரூ" என்ற போர்ட் பட்டியலின் தலையில் நிற்கும். அது கணினிக்குள்ளேயே ஒரு செய்தியை வாங்கி இன்னொரு பக்கம் விடும் பாதை. அதைத் திறந்தால் பிழை வராது, செய்தியும் வராது. பிழையே காட்டாத கோளாறு என்பதால் இதில் ஒரு மாலை முழுக்கப் போய்விடும்.

முழுப் பெயரை அப்படியே புரோகிராமில் எழுதுவதும் வேண்டாம். லினக்ஸில் பெயரின் கடைசியில் 24:0, 28:0 என்று எண் ஒட்டியிருக்கும். வேறொரு கருவியைச் செருகினாலோ, கணினியைத் திரும்ப ஓட்டினாலோ அந்த எண் மாறலாம். பெயருக்குள் உங்கள் கீபோர்டின் மாடல் பெயர் இருக்கிறதா என்று பட்டியலில் தேடி, கிடைத்ததைத் திறக்கும்படி எழுதுங்கள். கிடைக்காவிட்டால் இருக்கும் பட்டியலை அச்சிட்டு நிற்கட்டும்.

விண்டோஸில் இன்னொன்று. வழக்கமாக ஒரு மிடி போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரே மென்பொருள்தான் பிடிக்க முடியும். ரெக்கார்டிங் மென்பொருளோ, மிடி பயன்படுத்தும் பிரவுசர் பக்கமோ திறந்திருந்தால் உங்கள் புரோகிராமுக்கு இடம் கிடைக்காது. உங்கள் புரோகிராமின் முந்தைய ஓட்டமே மூடாமல் பின்னால் நிற்கலாம், அதையும் பாருங்கள்.

6. வந்ததை அப்படியே அச்சிடுதல்

இந்தப் படியில் புத்திசாலித்தனம் எதுவும் வேண்டாம். போர்ட்டிலிருந்து ஒவ்வொரு செய்தியாக எடுத்து அச்சிடும் இரண்டு வரி லூப் போதும். நடுவில் உள்ள சி கீயை, அதாவது 60ஆம் எண் கீயை, ஒரு முறை அமுக்கி விடுங்கள். இப்படி இரண்டு வரி வரும் (நோட் ஆன் என்றால் அமுக்கியது, நோட் ஆஃப் என்றால் விட்டது, சேனல் என்றால் செய்தி வரும் பாதை எண், வெலாசிட்டி என்றால் வேகம்):

நோட் ஆன், சேனல் 0, நோட் 60, வெலாசிட்டி 47
நோட் ஆஃப், சேனல் 0, நோட் 60, வெலாசிட்டி 64

கம்பியில் உண்மையில் வருவது மூன்று எண்கள். முதல் எண் 144 என்றால் முதல் சேனலில் நோட் ஆன், 128 என்றால் நோட் ஆஃப். முதல் எண் எப்போதும் 128 அல்லது அதற்கு மேல், பின்னால் வரும் இரண்டும் 0 முதல் 127 வரை. எந்த எண்ணில் செய்தி தொடங்குகிறது என்று கணினி கண்டுகொள்வது இதனால்தான். மிடோ இதைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது என்றாலும், பின்னால் மைக்ரோகன்ட்ரோலரில் செய்ய ஆசைப்படுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீபோர்டின் திரையில் சேனல் 1 என்று இருக்கும், மிடோவில் 0 என்று வரும். கீபோர்டு 1 முதல் 16 வரை எண்ணுகிறது, மிடோ 0 முதல் 15 வரை.

இப்போது மெதுவாக, வேகமாக, ஓங்கி என்று அமுக்கி வெலாசிட்டி மாறுகிறதா பாருங்கள். எப்படி அமுக்கினாலும் ஒரே எண் வந்தால், உங்கள் கீபோர்டுக்கு அமுக்கும் வேகம் தெரியாது, அல்லது டச் செட்டிங் அணைந்திருக்கிறது. பெடல், பிட்ச் வீல், இருக்கும் பட்டன்கள் எல்லாவற்றையும் அமுக்கி எது எந்தச் செய்தி அனுப்புகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மாடலுக்கு மாடல் இது மாறும். இந்தத் தாள் பிறகு ரொம்பக் கை கொடுக்கும்.

நீங்கள் எதையும் தொடாமலே வரிகள் ஓடினால் பயப்பட வேண்டாம். சில கீபோர்டுகள் தாளத்துக்கான கிளாக் செய்தியை விடாமல் அனுப்பும், ஒரு கால் நோட்டுக்கு 24 வீதம். வகை கிளாக் என்றால் தாண்டிப் போ என்று எழுதிவிடுங்கள்.

ஒரு கீ அமுக்கினால் இரண்டு நோட் ஆன் வருகிறதா? டூயல் வாய்ஸ் (ஒரே கீயில் இரண்டு குரல்) ஓடுகிறதா பாருங்கள். சில மாடல்கள் இரண்டாவது குரலை வேறு சேனலில் தனியாக அனுப்பும். ஆட்டோ ரிதம் ஓடினால் அதன் டிரம், பேஸ் நோட்டுகளும் வேறு சேனல்களில் வந்து கொட்டலாம். இரண்டையும் அணைத்துவிடுங்கள், அல்லது உங்கள் கை வாசிக்கும் சேனலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்போஸ் (சுருதியை ஏற்றி இறக்கும்) பட்டனையும் சுழியத்தில் வையுங்கள். பல கீபோர்டுகளில் அது வெளியே போகும் நோட் எண்ணையே மாற்றிவிடும்.

7. கீயை விட்டதைச் சரியாகக் கண்டுகொள்ளுதல்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். வெலாசிட்டி 0 உள்ள நோட் ஆன், நோட் ஆஃபுக்குச் சமம். மிடி விதியே அப்படித்தான். சில கீபோர்டுகள் நோட் ஆஃப் செய்தியை அனுப்பவே அனுப்பாது, கீயை விடும்போது இப்படி அனுப்பும்:

நோட் ஆன், சேனல் 0, நோட் 60, வெலாசிட்டி 0

வகை நோட் ஆனா என்று மட்டும் பார்க்கும் புரோகிராம் இதை இன்னொரு அமுக்கல் என்று எடுத்துக்கொள்ளும். ஒரு கீக்கு இரண்டு மார்க் ஏறும், விட்ட கீ விட்டதாகவே தெரியாது. "அண்ணா, என்ற கீபோர்டுல சரியா வருது, அவ கீபோர்டுல மட்டும் நின்னுக்குதுங்க" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த வரியைத்தான்.

எழுத வேண்டிய முறை:

வகை நோட் ஆன், வெலாசிட்டி 0-ஐ விட அதிகம் என்றால்: அமுக்கியது.
வகை நோட் ஆஃப் என்றால், அல்லது நோட் ஆனாக இருந்து வெலாசிட்டி 0 என்றால்: விட்டது.

இந்த இரண்டு வரியையும் ஒரே ஃபங்ஷனில் வைத்து, புரோகிராமின் மற்ற பகுதிகள் "அமுக்கியது", "விட்டது" என்ற இரண்டை மட்டுமே பார்க்கும்படி செய்யுங்கள். செய்தியின் வகையை நாலு இடத்தில் சோதித்தால் ஓரிடத்தில் வெலாசிட்டியைப் பார்க்காமல் விட்டுவிடுவீர்கள்.

அந்த ஃபங்ஷனுக்குச் செய்தி எங்கிருந்து வருகிறது என்று தெரியவே கூடாது. கீபோர்டிலிருந்து வரலாம், கோப்பில் பதிந்து வைத்ததிலிருந்தும் வரலாம். நேரத்தோடு செய்திகளை ஒரு கோப்பில் பதிந்து வைத்துக்கொண்டால், கீபோர்டு பக்கத்தில் இல்லாதபோதும், பஸ்ஸில் கோபிக்குப் போகும்போதும்கூட அதே வாசிப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பிழை தேடலாம்.

8. எந்தெந்தக் கீ அமுங்கியிருக்கிறது என்ற கணக்கு

மிடி நடந்ததை மட்டும் சொல்லும், இப்போதைய நிலையைச் சொல்லாது. இப்போது எந்தெந்தக் கீ கீழே இருக்கிறது என்று கீபோர்டிடம் கேட்க வழி கிடையாது. நீங்கள்தான் கணக்கு வைக்க வேண்டும்.

பைத்தானின் செட் ஒன்று போதும். அமுக்கினால் நோட் எண்ணைச் சேருங்கள், விட்டால் நீக்குங்கள். நீக்கும்போது, இல்லாததை நீக்கினாலும் பிழை காட்டாத முறையைப் பயன்படுத்துங்கள். ஒருவர் கீயை அமுக்கிக்கொண்டே உங்கள் புரோகிராமைத் தொடங்கினால், அமுக்கிய செய்தி வராது, விட்ட செய்தி மட்டும் வரும்.

சஸ்டெயின் பெடல் (கீயை விட்ட பிறகும் ஒலியை நீட்டும் பெடல்) வந்ததும் கணக்கு சிக்கலாகும். பெடல் என்பது கன்ட்ரோல் எண் 64. மதிப்பு 64 அல்லது மேல் என்றால் மிதித்திருக்கிறது, 63 அல்லது கீழ் என்றால் விட்டாயிற்று. 127 வந்தால் மட்டும் மிதித்ததாக எழுதாதீர்கள், பாதி மிதியை அறியும் பெடல்கள் நடு எண்களையும் அனுப்பும்.

பெடலுக்கு இரண்டாவது செட் ஒன்று வையுங்கள், பெயர் "காத்திருப்பவை". பெடல் மிதித்திருக்கும்போது ஒரு கீயை விட்டால், அது முதல் செட்டிலிருந்து நீங்கி இரண்டாவதில் சேரும், ஆனால் ஒலி நிற்காது. பெடலை விட்டதும் காத்திருப்பவை எல்லாவற்றையும் நிறுத்தி அந்தச் செட்டைக் காலி செய்யுங்கள். காத்திருக்கும் கீயையே ஒருவர் மறுபடி அமுக்கினால் அதைக் காத்திருப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால், பெடலை விடும் நேரத்தில் விரல் கீழே இருக்கும்போதே ஒலி நின்றுவிடும். பெடல் பயன்படுத்தும் புரோகிராம்களில் நான் பார்த்த விநோதக் கோளாறுகளில் பாதி இந்த ஒரு வரி விட்டுப்போனதுதான்.

பெடல் தலைகீழாக வேலை செய்தால், கீபோர்டை அணைத்து, பெடலை மிதிக்காமல் மறுபடி போடுங்கள். பல கீபோர்டுகள் மின்சாரம் வரும் நேரத்தில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே விட்ட நிலையாக எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு கவனம், கார்டு (சேர்ந்து ஒலிக்கும் பல நோட்டுகள்) கண்டுபிடிக்கும் விளையாட்டு எழுதுபவர்களுக்கு. மூன்று கீயையும் ஒரே நேரத்தில் அமுக்கியதாக நமக்குத் தோன்றும், செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். விரல்களும் சில மில்லிசெகண்டு முன்பின்னாகத்தான் இறங்கும், புதிதாகப் பழகும் பிள்ளைக்கு அந்த இடைவெளி இன்னும் அதிகம். முதல் நோட் வந்தவுடனே "தப்பு" என்று காட்டிவிட்டால் அந்தக் குழந்தை மனம் விட்டுவிடும். முதல் நோட் வந்ததிலிருந்து 50 மில்லிசெகண்டு பொறுத்து, அப்போது செட்டில் இருப்பதைப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் தாராளமாக விடுங்கள்.

9. திரை லூப்போடு சேர்த்தல்

படி 6-இல் எழுதிய லூப் செய்தி வரும்வரை அங்கேயே நின்றிருக்கும். பைகேம் (பைத்தானில் விளையாட்டு எழுத உதவும் லைப்ரரி) போன்ற ஒன்றில் ஜன்னல் திறந்து அதே லூப்பை உள்ளே வைத்தால், நீங்கள் கீயை அமுக்கும்வரை ஜன்னல் உறைந்து நிற்கும்.

இதற்கு மிடோவில் "ஐட்டர் பெண்டிங்" என்ற முறை இருக்கிறது. இதுவரை வந்து சேர்ந்த செய்திகளை மட்டும் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடும். திரை லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் முதல் வேலையாக இதைக் கூப்பிடுங்கள்.

ஒரு சுற்றுக்கு ஒரு செய்தி என்று எடுக்காதீர்கள், வந்தவை அத்தனையையும் எடுத்துவிடுங்கள். திரை நொடிக்கு 60 சுற்று ஓடினால் ஒரு சுற்று ஏறக்குறைய 17 மில்லிசெகண்டு. பிட்ச் வீலை ஒரு தள்ளு தள்ளினால் பத்து இருபது செய்திகள் கொட்டும். ஒன்றொன்றாக எடுத்தால் அதன் பின்னால் நிற்கும் நோட் கால் நொடிக்கு மேல் தாமதமாகக்கூட வரும். "முதல்ல சரியா இருக்குது, வாசிக்க வாசிக்க லேட் ஆகுது" என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கால்பேக் முறையும் உண்டு: செய்தி வந்த நொடியிலேயே உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடும். ஆனால் அது வேறு த்ரெட்டில் (புரோகிராமுக்குள் இணையாக ஓடும் தனிப் பாதையில்) ஓடும். அங்கிருந்து திரையில் வரைவது, கோப்பில் எழுதுவது கூடாது. செய்தியை ஒரு கியூவில் (காத்திருக்கும் வரிசையில்) போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். திரையில் காட்டும் புரோகிராமுக்கு ஐட்டர் பெண்டிங் போதும், கால்பேக்கின் தலைவலி தேவையில்லை.

10. நோட் எண்ணிலிருந்து ஸ்வரம்

நம் ஊரில் கீபோர்டு பழகுபவர்களில் பலர் பாட்டுக் கற்பவர்கள், அவர்களுக்கு 60, 62 என்று காட்டி என்ன பயன்? இங்கேதான் புரோகிராமுக்கு உயிர் வருகிறது.

முதலில் சுருதியைக் கேளுங்கள். 1 கட்டை என்றால் ச இருப்பது சி கீயில், 2 கட்டை டி, 3 கட்டை இ, 4 கட்டை எஃப், 5 கட்டை ஜி, 6 கட்டை ஏ. அரைக் கட்டைகள் நடுவில் உள்ள கறுப்புக் கீகள்: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை.

அமுக்கிய நோட் எண்ணிலிருந்து ச-வின் எண்ணைக் கழித்து, 12-ஆல் வகுத்த மீதியை எடுங்கள். 0 என்றால் ச, 1 ரி1, 4 க3, 5 ம1, 6 ம2, 7 ப, 8 த1, 11 நி3. இவற்றில் சந்தேகம் இல்லை. மீதி நான்கில்தான் இரண்டு பெயர்: 2 என்பது ரி2 அல்லது க1, 3 என்பது க2 அல்லது ரி3, 9 என்பது த2 அல்லது நி1, 10 என்பது நி2 அல்லது த3. ராகம் தெரியாமல் எது என்று சொல்ல முடியாது. அதனால் ராகத்துக்கு ஒரு பட்டியல் வையுங்கள். சரளி வரிசை பழகும் மாயாமாளவகௌளைக்கு 0, 1, 4, 5, 7, 8, 11. சங்கராபரணத்துக்கு 0, 2, 4, 5, 7, 9, 11. பட்டியலில் இல்லாத எண் வந்தால் அது அந்நிய ஸ்வரம், வேறு நிறத்தில் காட்டலாம்.

மீதி எடுப்பதில் ஒரு பொறி. ச-வுக்குக் கீழே உள்ள கீயை அமுக்கினால் கழித்தல் விடை எதிர்மறையாக வரும். பைத்தானில் மைனஸ் 2-ஐ 12-ஆல் வகுத்த மீதி 10 என்று சரியாக வரும். ஜாவாஸ்கிரிப்டிலும் சி மொழியிலும் மைனஸ் 2 என்றே வரும். அங்கே எழுதுபவர்கள் 12-ஐக் கூட்டி மறுபடி மீதி எடுக்க வேண்டும்.

ஸ்தாயி காட்ட வேண்டுமானால் ச-வின் சரியான எண் முக்கியம். 1 கட்டையில் பாடும் ஆண் குரலின் மத்திய ச 48, கீபோர்டின் நடு சி ஆன 60 அல்ல. 5 கட்டையில் பாடும் பெண் குரலுக்கு 55. இதை 60, 67 என்று வைத்தால் ஸ்வரப் பெயர் சரியாக வரும், ஸ்தாயி மட்டும் ஒன்று தள்ளிப்போகும்.

இங்கிலீஷ் நோட் பெயரோடு எண் சேர்த்து ஒப்பிடுவதையும் தவிருங்கள். 60ஆம் கீயை யமஹா சி3 என்று எழுதும், வேறு பலர் சி4 என்பார்கள். எண்ணை எண்ணோடு ஒப்பிட்டால் இந்தத் தகராறே இல்லை.

11. இப்போது சத்தம்

இதுவரை எல்லாம் திரையில் சரியாக வந்தால், சத்தம் வராவிட்டாலும் எங்கே தேடுவது என்று தெரியும்.

கீபோர்டிலேயே ஸ்பீக்கர் இருக்கிறது, பயிற்சி விளையாட்டுக்கு அந்தச் சத்தமே போதும் என்பது என் கருத்து. புரோகிராமிலிருந்தே சத்தம் வேண்டுமானால் கீபோர்டின் லோக்கல் கன்ட்ரோலை (கீயை அமுக்கினால் கீபோர்டே ஒலிக்கும் அமைப்பை) அணையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு நோட்டும் இரட்டையாகக் கேட்கும்.

அதிர்வெண் கணக்கு: 69ஆம் கீ 440 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு கீ ஏறும்போதும் 2-இன் பன்னிரண்டாம் மூலத்தால் பெருக்க வேண்டும். 60ஆம் கீக்கு 261.63 வரும். சரியா என்று இதை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஒலி அலைகளைத் தொடக்கத்திலேயே எல்லாக் கீக்கும் தயார் செய்து வையுங்கள். கீ அமுக்கிய பிறகு கணக்குப் போட்டால் தாமதம் காதில் தெரியும். ஒவ்வொரு ஒலியின் தொடக்கத்திலும் முடிவிலும் சில மில்லிசெகண்டு மெல்ல ஏற்றி இறக்குங்கள், இல்லாவிட்டால் "டப்" என்று வெட்டும்.

பைகேமில் ஒரே நேரத்தில் 8 ஒலிதான் வழக்கமாக ஓடும். பெடலை மிதித்துக்கொண்டு வாசித்தால் ஒன்பதாவது நோட் பிழை ஏதும் காட்டாமல் காணாமல் போகும். மிக்சரின் சேனல் எண்ணிக்கையை 32 அல்லது 64 என்று உயர்த்துங்கள்.

தாமதம் பெரும்பாலும் மிடியில் இல்லை. பழைய ஐந்து பின் கேபிளிலேயே ஒரு நோட் செய்தி போக ஏறக்குறைய 1 மில்லிசெகண்டுதான் ஆகும். தாமதம் ஆடியோ பஃபரில் (ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் தற்காலிக இடத்தில்) இருக்கிறது. நொடிக்கு 44100 சாம்பிள் (ஒலி மாதிரி) என்ற வேகத்தில் 2048 பஃபர் என்றால் 46 மில்லிசெகண்டு, 512 என்றால் 12-க்குள். 512-இல் தொடங்கி, சத்தம் கரகரத்தால் மட்டும் கூட்டுங்கள். புளூடூத் ஸ்பீக்கரில் சோதிக்கவே வேண்டாம். அதன் தாமதம் பெரும்பாலும் 100 மில்லிசெகண்டைத் தாண்டும், உங்கள் புரோகிராமில் குறை இருப்பதாக நினைத்து வீணாகத் தேடுவீர்கள். கம்பி போட்ட ஹெட்போனில் கேளுங்கள்.

12. கேபிள் பிடுங்கினால், கரண்ட் போனால்

கீபோர்டின் கரண்ட் போனால் உங்கள் புரோகிராமுக்குப் பிழை எதுவும் வராமல் போகலாம், செய்தி மட்டும் நின்றுவிடும். அந்த நேரத்தில் அமுங்கியிருந்த கீக்கு விட்ட செய்தி வராது, நோட் நீண்டுகொண்டே இருக்கும்.

இரண்டு நொடிக்கு ஒரு முறை போர்ட் பட்டியலை வாங்கி, நம் போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் இரண்டு செட்டையும் காலி செய்து, எல்லா ஒலியையும் நிறுத்தி, போர்ட்டை மூடுங்கள். மறுபடி பட்டியலில் வந்ததும் படி 5-இல் சொன்னபடி பெயரைத் தேடித் திறங்கள். லினக்ஸில் இப்போது எண் மாறியிருக்கலாம், பெயரால் தேடுவது இங்கே மறுபடி உதவும்.

எஸ்கேப் பட்டனில் எல்லா ஒலியையும் நிறுத்தும் ஒரு வழியும் வையுங்கள். புரோகிராம் முடியும் இடத்தில், பிழையால் முடிந்தாலும்கூட, போர்ட் மூடப்படும்படி பைத்தானின் வித் கட்டுமானத்துக்குள் போர்ட்டைத் திறங்கள்.

கரண்ட் இருந்தும் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் கீபோர்டு காணாமல் போகிறதா? அது ஆட்டோ பவர் ஆஃப். பல மாடல்களில் ஏறக்குறைய 30 நிமிடம் சும்மா இருந்தால் தானாக அணைந்துவிடும். புரோகிராம் எழுதும்போது அவ்வளவு நேரம் கீயைத் தொடாமல் இருப்பது சாதாரணம். கீபோர்டின் ஃபங்ஷன் மெனுவில் அதை அணைத்துவிட்டு வேலையைத் தொடருங்கள்.